அக்காள், தங்கை, நாத்தனார்: இங்கிலாந்தின் அரசப் புனிதர்களைத் தேடி

இங்கிலாந்தின் ஆங்கிலோ-சாக்சன் காலத்துப் (1066-க்கு முந்தைய) புனிதர்களைத் தரிசிக்கக் கிளம்புகிறவர்களுக்குப் பெரும்பாலும் ஒரே ஏமாற்றம்தான். 1538 முதல் 1541 வரை எட்டாம் ஹென்றியின் ஆட்கள் புனிதர்களின் கல்லறைகளை உடைத்துப் போட்டார்கள். அதனால் பேராலயத்தில் தரையில் ஒரு கல் மட்டும் இருக்கும், திருப்பண்டமோ (புனிதரின் உடலில் மிஞ்சிய பகுதி) சில தெரு தள்ளி ஒரு சிறிய கோயிலில் இருக்கும். எங்கே என்ன மிஞ்சியிருக்கிறது என்று தெரிந்துகொண்டு போனால்தான் பயணம் பயணமாக இருக்கும்.

பயணத்தின் நடுவில் வைக்க வேண்டிய ஊர், கேம்பிரிட்ஜ் பக்கமுள்ள ஈலி. கிழக்கு ஆங்கிலியாவின் அரசர் அன்னாவின் மகள் எத்தெல்ட்ரீடா 673-இல் இங்கே மடம் எழுப்பினார். இரண்டு முறை மணமுடித்தும் கன்னியாகவே வாழ்ந்தவர் அவர். இரண்டாம் கணவர் வடக்கே இருந்த நார்தம்பிரியா நாட்டின் அரசர் எட்ஜ்ஃப்ரித். மடத்தில் அவர் வாழ்ந்த விதத்தை வரலாற்றாசிரியர் பீட் எழுதியிருக்கிறார்: கம்பளி உடைதான், மெல்லிய லினன் கிடையாது. பெரும்பாலான நாட்களில் ஒருவேளை உணவு. வெந்நீர்க் குளியல் மூன்று பெரிய திருவிழாக்களுக்கு முன்பு மட்டும், அதுவும் மற்றக் கன்னியர்களைக் குளிப்பாட்டிய பிறகு, கடைசி ஆளாக.

679 ஜூன் 23-இல் கழுத்தில் கட்டி வந்து இறந்தார். இளமையில் அணிந்த கழுத்தணிகளுக்கு இது கூலி என்று அவரே சொன்னாராம். அரசியென்று தனி இடம் கேட்காமல், கன்னியர்களின் வரிசையிலேயே மரப்பெட்டியில் அடக்கமானார். பதினாறு ஆண்டுகளுக்குப் பின், அவருக்கு அடுத்து மடத்தலைவியான அக்காள் சீக்ஸ்பர்கா கல்லறையைத் திறந்தபோது உடல் கெடாமல் இருந்தது. மருத்துவர் கினெஃப்ரித் கீறிய காயமும் ஆறி, தழும்பு மட்டும் தெரிந்தது. புதுப் பேழைக்குக் கல் தேடிப் படகில் போனவர்கள், கேம்பிரிட்ஜ் அருகே பாழடைந்த ஊரில் மூடியோடு கூடிய வெண்பளிங்குப் பேழையைக் கண்டெடுத்தார்கள். அளவு அப்படியே பொருந்தியது. தொண்டை, கழுத்து நோய்க்காரர்கள் இன்றும் இவரிடம் வேண்டிக்கொள்வது இந்தக் கதையால்தான்.

ஈலி ரயில் நிலையத்திலிருந்து பேராலயம் ஏறக்குறைய கால் மணி நேர நடை, கடைசிப் பகுதி ஏற்றம். சுற்றிப் பார்க்கக் கட்டணம் உண்டு, வழிபாட்டுக்குக் கிடையாது. கிளம்புமுன் பேராலயத்தின் இணைய நாட்காட்டியைப் பார்ப்பது அவசியம். கச்சேரி, பட்டமளிப்பு என்று பகல் முழுக்க மூடிவிடும் நாட்கள் உண்டு. உயர் பீடத்துக்கு முன்னால் தரையில் பதித்த கல்லில் "எத்தெல்ட்ரீடாவின் திருத்தலம் இங்கே இருந்தது" என்ற பொருளில் எழுதியிருக்கும். அடியில் உடல் இல்லை. ஆனால் அவர் இருந்த இடம் இதுதான், மண்டியிடுவதென்றால் இங்கே.

பிறகு எண்கோண கோபுரத்தின் கீழ் வந்து தூண்களை அண்ணாந்து பாருங்கள். 1322-இல் பழைய கோபுரம் இடிந்து விழுந்தபின் கட்டியது இது. அவருடைய வாழ்க்கை அங்கே சிற்பங்களாக இருக்கிறது: திருமணம், துறவு, ஊன்றி வைத்த கைத்தடி துளிர்ப்பது. சிற்பங்கள் உயரத்தில் இருப்பதால் ஒரு தொலைநோக்கி எடுத்துப் போங்கள். பலர் இவற்றைக் காணாமலே திரும்பிவிடுகிறார்கள்.

அடுத்து எக்ரெமான்ட் தெருவிலுள்ள கத்தோலிக்கக் கோயில், பேராலயத்திலிருந்து சில நிமிட நடை. எத்தெல்ட்ரீடாவின் கை இங்கேதான் இருக்கிறது. ஏறத்தாழ 1811-இல் சசெக்ஸில் ஒரு பண்ணை வீட்டின் மறைவிடத்தில் கிடைத்தது. கத்தோலிக்கர்களைத் துன்புறுத்திய வேதகலாபனைக் காலத்தில் யாரோ ஒளித்து வைத்திருக்க வேண்டும். சிறிய பங்குக் கோயில், எப்போதும் திறந்திருக்கும் என்று நம்பிப் போக வேண்டாம். திருப்பலி நேரத்தை முன்பே கேட்டுக்கொண்டு அதற்கேற்பப் போவது நல்லது. லண்டனில் ஈலி பிளேஸிலுள்ள இதே புனிதையின் கோயிலிலும் சிறிய திருப்பண்டம் ஒன்று உண்டு. சான்சரி லேன் அல்லது ஃபாரிங்டன் நிலையத்தில் இறங்கி நடக்கலாம்.

சீக்ஸ்பர்கா வாழ்க்கைப்பட்டது கென்ட் அரச குடும்பத்தில். கணவர் எயோர்கன்பர்ட்டின் உடன்பிறந்தவர் புனித ஈன்ஸ்வித். ஆக ஈலியின் இரண்டாம் மடத்தலைவிக்கு இவர் நாத்தனார். தன் ஊரான ஃபோக்ஸ்டனில் கன்னியர் மடம் தொடங்கி, மிக இளம் வயதில் இறந்தவர். 1885-இல் அங்குள்ள கோயிலைப் புதுப்பித்தபோது பீடப்பகுதியின் வடக்குச் சுவருக்குள் ஒரு ஈயப்பேழை கிடைத்தது. 2020-இல் ஆய்வு முடிவு வந்தது: ஏழாம் நூற்றாண்டின் நடுப்பகுதி, பதினேழிலிருந்து இருபதுக்குள் வயதுள்ள பெண். மரபு சொல்வதோடு இது ஒத்துப்போகிறது. லண்டன் செயின்ட் பாங்க்ராஸிலிருந்து விரைவு ரயிலில் ஒரு மணி நேரத்துக்குள் போய்விடலாம். எலும்புகளைப் பார்க்க முடியாது, அவை சுவருக்குள்ளேயே இருக்கின்றன. வடக்குச் சுவரோரம் நின்று செபிக்கலாம். திருநாள் செப்டம்பர் 12.

எட்ஜ்ஃப்ரித்தின் பெரியப்பா ஆஸ்வால்ட். 642 ஆகஸ்ட் 5-இல் போரில் வீழ்ந்த அரசர். அவருடைய தலை வட இங்கிலாந்தின் டரம் பேராலயத்தில், ஆயரான புனித கத்பர்ட்டின் பேழைக்குள் இருக்கிறது. தரைக் கல்லில் கத்பர்ட்டின் பெயர் மட்டுமே இருப்பதால் ஆஸ்வால்டைத் தேடுகிறவர்கள் குழம்பிப்போவார்கள். அருகில் நிற்கும் தலையற்ற சிலையைக் கவனியுங்கள். அது கத்பர்ட், அவர் கையில் ஏந்தியிருப்பது ஆஸ்வால்டின் தலை.

நான்கு நூற்றாண்டு பிந்தியவரானாலும், லண்டன் வெஸ்ட்மின்ஸ்டர் கோயிலில் இருக்கும் அரசர் புனித எட்வர்டை விட முடியாது. அவர் உடல் இன்னும் தன் கல்லறையிலேயே இருக்கிறது. 1557-இல் மேரி அரசி அதைத் திரும்பக் கட்டுவித்தார். ஆனால் சாதாரண நுழைவுச்சீட்டு வாங்கினால் கல்லறைச் சிற்றாலயத்துக்குள் விட மாட்டார்கள். கோயில் ஊழியர் அழைத்துச் செல்லும் தனிச் சுற்றில் சேர வேண்டும். மாலை வழிபாட்டுக்குக் கட்டணம் இல்லை என்றாலும், கல்லறை பீடத்துக்குப் பின்னால் மறைந்திருப்பதால் உட்கார்ந்த இடத்திலிருந்து தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வழிபாடு மட்டும்தான், சுற்றிப் பார்க்க அனுமதி இல்லை.

நாள் குறிப்பதென்றால் அக்டோபர் நடுப்பகுதி தோது. எட்வர்டின் உடலை இடம் மாற்றிய நாள் அக்டோபர் 13, எத்தெல்ட்ரீடாவுக்கு அக்டோபர் 17. லண்டனில் தங்கிக்கொண்டு இரண்டையும் பார்த்துவிடலாம், இடையில் ஒரு நாள் ஃபோக்ஸ்டனுக்குப் போய் வரலாம். டரம் மட்டும் தனிப் பயணம். லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து ரயிலில் ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகும், ஓரிரவு அங்கேயே தங்குவதுதான் நல்லது.