வலிக்காத கட்டி

தக்கலைப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸாகச் சேர்ந்த புதிது. ரப்பர் பால் வெட்டுகிற ஒருவர் தலையில் கட்டியோடு வந்தார். வலி ஒன்றும் இல்லை, சீப்பு தட்டுகிறது என்றார். கொழுப்புக்கட்டி என்று எழுதி, மரத்துப்போக ஊசி போட்டு எடுத்தார்கள். கொழுப்புக்கட்டி என்றால் மஞ்சளாக, மெத்தென்று நழுவி வரும். இது வெளுத்து, கெட்டியாக, தோலோடு ஒட்டிக்கொண்டு வந்தது. பயாப்சிக்கு, அதாவது புற்றா என்று பார்க்கும் சதைப் பரிசோதனைக்கு, அனுப்ப யாரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ட்ரேயில் கிடந்ததைக் கழிவு வாளியில் போட்டது நான்தான்.

மூன்று மாதம் கழித்து இருமலோடு வந்தார். நுரையீரலில் புற்று. தலையில் இருந்தது அங்கிருந்து ரத்தத்தோடு வந்து முளைத்ததாகத்தான் இருக்க வேண்டும். உறுதிப்படுத்தக் கட்டி இல்லையே.

உள்ளுறுப்புப் புற்று தோலுக்கு வருவது அபூர்வம். ஆண்களுக்குப் பெரும்பாலும் நுரையீரலிலிருந்தும் பெண்களுக்கு மார்பிலிருந்தும் வரும். சிலருக்கு அந்தக் கட்டிதான் நோயின் முதல் அடையாளமே.

அமெரிக்காவில் ராச்செஸ்டர் ஊரில் மேரி ஜோசப் என்றொரு கன்னியாஸ்திரீ, டாக்டர் வில்லியம் மேயோவுக்கு ஆபரேஷனில் உதவியாக இருந்தவர். வயிற்றைச் சுத்தம் செய்யும்போது தொப்புளில் கெட்டியான முடிச்சு தட்டுப்பட்டவர்களுக்கு உள்ளே புற்று பரவியிருந்ததைக் கவனித்து அவரிடம் சொன்னார். மேயோ அதை 1928இல் எழுதினார். 1949இல் ஹாமில்டன் பெய்லி என்ற இங்கிலாந்து சர்ஜன் அந்த முடிச்சுக்கு மேரி ஜோசப்பின் பெயரையே வைத்தார். துடைத்துவிடுகிற கை கண்டுபிடித்தது அது. படிக்கும்போது எனக்கு அது வெறும் பரீட்சைக் கேள்வி.

அப்புறம் ஒருநாள், தொப்புளில் குடலிறக்கம் என்று குளச்சல் பக்கத்து மீன்காரம்மா ஒருவர் ஆபரேஷனுக்கு வந்தார். பெட்டாடின் பஞ்சால் துடைக்கும்போது புளியங்கொட்டை அளவில் கையில் தட்டியது. "இருமுங்கம்மா" என்றேன். குடலிறக்கம் என்றால் இருமும்போது பிதுங்கும், இது பிதுங்கவில்லை. அழுத்தினால் உள்ளே போகவும் இல்லை.

"வலிக்கல மக்களே. பாவாடை நாடாதான் இப்ப எட்ட மாட்டேங்குது."

வயிறு உப்பியிருந்தது. டாக்டரிடம் ஓடினேன். ஆபரேஷனை நிறுத்தி ஸ்கேன் எடுத்தார், வயிற்றுக்குள் நீர். முடிச்சில் ஒரு துண்டு எடுத்து ஃபார்மலின் பாட்டிலில் போட்டார்கள். அதை நானே லேபில் கொண்டுபோய்க் கொடுத்தேன். சினைப்பைப் புற்று என்று வந்தது.

திருவனந்தபுரத்தில் மூன்று தடவை மருந்து ஏற்றிய பிறகு, தலையில் துண்டு கட்டிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தார். இடுப்பைத் தொட்டுக் காட்டினார்.

"நாடா எட்டுது மக்களே."