ஒரே நிறத்தை இரண்டாகக் காட்டும் பயிற்சி: தாளை வெட்டும் முன்

நிறங்களின் உறவைப் படிக்க பெயிண்டைவிட வண்ணத்தாளே ஏற்றது. ஓவியரும் நிறப் பாட ஆசிரியருமான ஜோசப் ஆல்பர்ஸ் 1950 முதல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் மாணவர்களிடம் தாளையே கொடுத்தார். ஒருமுறை கலந்த நிறத்தை அச்சுப் பிசகாமல் மறுபடி கலப்பது கடினம். ஒரே தாளிலிருந்து வெட்டிய இரு துண்டுகளோ சந்தேகத்துக்கு இடம் தராது. பளபளக்கும் கிளேஸ் பேப்பர் வேண்டாம், வெளிச்சம் பட்டு நிறம் மாறும். பழைய பத்திரிகைப் பக்கங்களும் பெயிண்ட் கடை ஷேட் கார்டும் போதும்.

12 செ.மீ. சதுரப் பின்னணிகள் இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரே நிறத்தில் 2 செ.மீ. துண்டு. பலரும் சறுக்குவது இந்த அளவில்தான்: துண்டு பெரிதானால் பின்னணியின் பிடி தளர்ந்துவிடும்.

பின்னணி தன் நிறத்தையும் தன் வெளிச்சத்தையும் நடுத்துண்டிலிருந்து கழித்துக்கொள்ளும். ஆகவே ஆரஞ்சு, இலைப்பச்சை என இரு பின்னணிகள் வைத்தால், துண்டு அவற்றுக்கு நடுவிலான மங்கிய கடுகு மஞ்சளாக இருக்கட்டும். ஆரஞ்சின் மேல் அது பச்சை சாயும், பச்சையின் மேல் செம்மை சாயும். பளிச்சென்ற சிவப்பு எங்கே வைத்தாலும் பெரிதாக அசையாது. அதோடு மல்லுக்கட்ட வேண்டாம். பின்னணிகளில் ஒன்று வெளிர், மற்றது அடர் என்றால் மாற்றம் இன்னும் கூடும்.

இதையே திருப்பினால் இரு வேறு நிறங்களை ஒன்றாகக் காட்டலாம். இரண்டில் வெளிரானதை வெளிர்ப் பின்னணியிலும், அடரானதை அடர்ப் பின்னணியிலும் வையுங்கள். இது முதல் பயிற்சியைவிடக் கடினம், தாள்களை மாற்றி மாற்றிப் பார்த்தே தீர வேண்டும். இந்தப் பொறுமை வராதவர்கள் பெயிண்டுக்குத் தாவினாலும் பயனில்லை.

எது அடர் என்று குழம்பினால், ஒரு தாளின் மூலையை மற்றதன் மேல் வைத்து அரை நிமிடம் அசையாமல் உற்றுப் பாருங்கள். பிறகு மேல்தாளைச் சட்டென இழுங்கள். மூடியிருந்த இடம் சுற்றிலும் உள்ளதைவிட வெளிராகத் தெரிந்தால், எடுத்த தாள்தான் அடர்.

துண்டின் ஓரத்தில் வெள்ளைக் கீற்று தெரிந்தாலோ, பசை ஊறித் தாள் சுருங்கினாலோ கண் அங்கேயே நிற்கும். புதிய பிளேடும் மெல்லிய பசைக் குச்சியும் போதும். ஒட்டும் முன் ஜன்னல் வெளிச்சத்தில், இரண்டு மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். டியூப் லைட்டில் தேர்ந்தெடுத்தது பகலில் ஏமாற்றும்.