தனி ஆளாக ராஃப்ட்: குளத்து ஒத்திகையிலிருந்து ஆற்றில் ஓர் இரவு வரை

ராஃப்ட் என்னும் காற்றடித்த படகில் வேகநீர் ஆற்றில் தனியாகப் போகும்போது இல்லாமல் போவது இரண்டாவது படகு. கூட்டமாகப் போனால் கவிழ்ந்த படகை நிமிர்த்தவும், கயிறு வீசவும், மிதந்து போன துடுப்பை எடுத்து வரவும் கீழே யாராவது காத்திருப்பார்கள். அந்த ஆள் இல்லை என்றான பிறகு ஆறு, படகு, சுமை, உடுப்பு எல்லாவற்றையும் வேறு கணக்கில் பார்க்க வேண்டும். இது அந்தக் கணக்கில் படிப்படியாகச் செய்து பார்த்ததன் குறிப்பு. துடுப்பு வலிக்கத் தெரிந்தவர்களுக்காக எழுதியது. புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் நாலு பேரோடு போய்ப் பழகுவதே சரி.

படகு

14 அடி ராஃப்ட் வசதியானதுதான். ஆனால் மூன்று நாள் சுமையோடு கவிழ்ந்தால் ஒருவர் கையால் அது நிமிராது. தனிப் பயணத்துக்கு 9 முதல் 11 அடி வரையிலான சின்ன ராஃப்ட், அல்லது முதுகில் சுமந்து போகக்கூடிய பேக்ராஃப்ட் போதும். பேக்ராஃப்ட் பொதுவாக 2.5 முதல் 4 கிலோதான் இருக்கும். முடிக்கும் இடத்திலிருந்து தொடங்கிய இடத்துக்கு நடந்தே திரும்பிவிடலாம். குறை என்னவென்றால் பெரும்பாலான மாடல்களில் காற்றறை ஒன்றுதான். அது கிழிந்தால் படகே இல்லை. ராஃப்டில் மூன்று, நான்கு அறைகள் தனித்தனியாக இருப்பதால் ஒன்று போனாலும் கரை சேரலாம். சாலை ஓரத்து ஆற்றுக்குப் பேக்ராஃப்டும், ஆள் நடமாட்டமில்லாத பள்ளத்தாக்குக்குச் சின்ன ராஃப்டும் பொருத்தம் என்பது என் முடிவு.

ராஃப்டில் சட்டம் மாட்டி நீளத் துடுப்பு போடுவதானால் துடுப்பின் மூன்றில் ஒரு பங்கு, அதைத் தாங்கும் கொண்டிக்கு உள்ளேயும் இரண்டு பங்கு வெளியேயும் இருக்க வேண்டும். இரண்டு கைப்பிடிகளுக்கும் நடுவே 10 முதல் 15 செ.மீ. இடைவெளி விடவும். அதற்குக் குறைந்தால் வேகநீரில் கைப்பிடிகள் மோதிப் பெருவிரல் நசுங்கும். மூன்றாவது துடுப்பு கட்டாயம். அதையும் ஒரே இழுப்பில் அவிழும்படி பக்கவாட்டில் கட்ட வேண்டும். மூட்டைகளுக்கு அடியில் கிடக்கும் உபரித் துடுப்பால் பயனில்லை.

காற்றழுத்தம் 2 முதல் 2.5 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு பவுண்டு) வரை. தயாரிப்பாளர் சொல்லும் அளவே இறுதி. வெயிலில் கல்போல் இருந்த படகு குளிர்ந்த தண்ணீரில் இறங்கியதும் பத்து நிமிடத்தில் தொளதொளத்துவிடும். அப்போது மறுபடி பம்ப் அடிக்க வேண்டும். தொளதொளத்த சின்னப் படகு அலையில் நடுவே மடங்கி, வலிக்கிற வேகத்தையெல்லாம் தானே தின்றுவிடும். மாறாக, மதியம் கரையில் ஏற்றி வைத்தால் அழுத்தம் ஏறித் தையல் விட்டுக்கொள்ளலாம். கரையேறியதும் கொஞ்சம் காற்றை இறக்கிவிடவும்.

குளத்தில் நிமிர்த்திப் பழகுவது

பயிற்சியில் பாதி நேரத்துக்கு மேல் இதற்கே போக வேண்டும். ஒரு அங்குல அகலமுள்ள தட்டை நாடா 4 முதல் 5 மீட்டர், ஒரு முனையில் காரபைனர் (அழுத்தித் திறக்கும் உலோகக் கொக்கி). இதைச் சின்னப் பையில் திணித்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். உருண்டைக் கயிறு ஈரக் கையில் வழுக்கும், நாடா வழுக்காது.

படகு தலைகீழாகக் கிடக்கும்போது காற்று எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கத்து டி-ரிங்கில் (படகில் பதித்த ‘டி’ வடிவ வளையத்தில்) காரபைனரை மாட்டி, நாடாவை அடிப்பாகத்தின் மேல் மறுபக்கம் எறிய வேண்டும். பிறகு அந்த மறுபக்கத்தில் ஏறி, குழாயின் (காற்றடைத்த பக்கச்சுவரின்) விளிம்பில் இரண்டு காலையும் ஊன்றி, நாடாவைப் பிடித்தபடி உடம்பை விறைப்பாகப் பின்னால் சாய்க்க வேண்டும். கையால் இழுத்தால் வராது, உடல் எடைதான் தூக்கும். காற்றுப் பக்கத்து விளிம்பு மேலெழும்போது காற்று அடியில் புகுந்து உதவும். திசையை மாற்றிச் செய்தால் அதே காற்று படகை அமுக்கும். செங்குத்தைத் தாண்டியதும் படகு நம்மீதுதான் விழும். ஒரு கையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு, மறுகையில் நாடாவை விடாமல் இருக்கவும். நாடாவைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது.

நிமிர்த்துவதைவிட ஏறுவதில்தான் பலர் தோற்கிறார்கள். நனைந்த உடுப்போடு குழாய்மேல் ஏற வேண்டுமானால் காலை முதலில் நீர்மட்டத்துக்கு உதைத்துக் கொண்டுவந்து, பிறகு வயிற்றால் வழுக்கி ஏற வேண்டும். நேராகத் தொங்கினால் கால் படகுக்கு அடியில் போய்விடும். தோள்வலு குறைந்தவர்கள் பக்கவாட்டில் ஒரு நாடா வளையம் கட்டிவைக்கலாம். வளையத்தின் அடிப்பகுதியில் ஒரு சாண் பிளாஸ்டிக் ஹோஸைக் கோத்துவிட்டால் அது விரிந்தே நிற்கும், தண்ணீருக்குள் கால் தானாகவே இடத்தைக் கண்டுபிடிக்கும். தேவைப்படாத நேரத்தில் அதை மடித்து ஒட்டிவைக்க வேண்டும். தொங்கவிட்டால் அதுவே காலை மாட்டும் கண்ணி.

முழு உடுப்போடும், முழுச் சுமையோடும், கவிழ்ந்ததிலிருந்து மறுபடி துடுப்பைப் பிடிப்பது வரை ஐந்து நிமிடத்துக்குள் தொடர்ந்து மூன்று முறை முடிந்தால் ஆற்றுக்குப் போகலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முடியாவிட்டால் சுமையைக் குறைக்கவும், இல்லை படகை மாற்றவும்.

ஐந்து நிமிடம் என்பதற்குக் காரணம் குளிர். கடும் குளிர்நீரில் விழுந்தவருக்கு முதல் ஒரு நிமிடம் மூச்சைக் கட்டுப்படுத்தவே போகும். சுமார் பத்து நிமிடம் வரை கைவிரல் சொன்னபடி கேட்கும். நினைவு தப்ப ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஆகும். ஆகவே பத்தாவது நிமிடத்துக்குப் பிறகு காரபைனரைத் திறக்க முடியும் என்று நம்பித் திட்டம் போடக் கூடாது. தண்ணீர் 15 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால் வெட்சூட் (நனைந்தாலும் சூடு காக்கும் இறுக்கமான உடுப்பு), 10-க்குக் கீழே டிரைசூட் (நீரே உள்ளே புகாத உடுப்பு). வெளியே வெயில் கொளுத்துகிறதே என்று பருத்திச் சட்டையோடு இறங்குவதுதான் வழக்கமான தவறு. உடுப்பைத் தண்ணீரின் வெப்பத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டும், வெயிலைப் பார்த்தல்ல.

ஆறு

வேகநீரை உலகளவில் 1 (மிக எளிது) முதல் 6 (மிகக் கடினம்) வரை தரம் பிரிக்கிறார்கள். நண்பர்களோடு தரம் 3-ஐச் சிரமமில்லாமல் ஓட்டுபவர் தனியாகத் தரம் 2-இல் நிற்க வேண்டும். தரம் ஒன்றே போதாது, ஆற்றின் அமைப்பும் முக்கியம். ஒரு பாய்ச்சல், அடுத்து அமைதியான மடு, மறுபடி ஒரு பாய்ச்சல் என்று போகிற ஆறு தனி ஆளுக்கு ஏற்றது. கவிழ்ந்தாலும் மடுவில் படகைப் பிடித்து நிமிர்த்த நேரம் கிடைக்கும். இடைவெளியில்லாமல் கிலோமீட்டர் கணக்கில் ஒரே சரிவாக ஓடும் ஆறு, தரம் 2 என்று எழுதியிருந்தாலும் வேண்டாம்.

அடுத்தது நீரளவு. வினாடிக்கு எத்தனை கன அடி என்பதைக் கிளம்புவதற்கு முன் ஒரு வாரமாவது தினமும் குறித்துக்கொள்ளவும். கன மீட்டரில் கொடுத்திருந்தால் 35.3-ஆல் பெருக்கவும். எண்ணைவிட அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே பெரிய விஷயம். ஏறும் ஆறு மரக்கட்டையையும் குப்பையையும் சேர்த்து இழுத்து வரும். மேலே அணை இருந்தால் திறப்பு நேரத்தை விசாரிக்காமல் இறங்கக் கூடாது. பனி உருகி வரும் ஆற்றில் மதிய வெயிலில் உருகிய நீர், தூரத்தைப் பொறுத்து இரவில்கூட வந்து சேரும். மாலையில் பார்த்து இவ்வளவுதான் என்று நினைத்த மட்டம் விடியலில் கூடாரத்துக்குள் இருக்கும்.

வரைபடத்தில் குறிக்க வேண்டியவை: ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் மேலே கடைசியாக ஒதுங்கக்கூடிய இடம், ஆற்றை விட்டுச் சாலைக்கு ஏறக்கூடிய பாதைகள், பாலத் தூண்கள், தடுப்பணைகள். தடுப்பணையை எத்தனை சின்னதானாலும் சுமந்துதான் கடக்க வேண்டும். அணையின் அகலம் முழுக்க ஒரே சீராக விழும் நீர் அடியில் திரும்பி மேல்நோக்கி உருளும். பக்கவாட்டில் தப்ப வழியே இருக்காது. மேலிருந்து பார்த்தால் வெறும் நேர்கோடாகத் தெரிவதால் ஏமாற்றும்.

ஒரு நாளைக்கு 15 முதல் 20 கி.மீ. போதும். பல பள்ளத்தாக்குகளில் மதியத்துக்குமேல் எதிர்க்காற்று கிளம்பும். மெதுவான ஆற்றில் ராஃப்ட் அப்படியே நின்றுவிடும். அதனால் விடியலில் தொடங்கி, இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே ஒதுங்குவது என்று வைத்துக்கொள்ளவும். திட்டத்தின் நகலை நம்பகமான ஒருவரிடம் கொடுத்து, எத்தனை மணிக்குள் தகவல் வராவிட்டால் யாரை அழைக்க வேண்டும் என்றும் எழுதித் தரவும். 406 மெகாஹெர்ட்ஸ் அவசர பீக்கனோ (செயற்கைக்கோள் வழியே உதவி கேட்கும் கருவி) செயற்கைக்கோள் தகவல் கருவியோ இருந்தால் அது லைஃப் ஜாக்கெட்டில்தான் இருக்க வேண்டும். படகில் வைத்தால், படகு போகும்போது அதுவும் போகும். சில நாடுகளில் இந்தக் கருவிகளுக்கு முன் அனுமதி வேண்டும், கேட்டுக்கொள்ளவும்.

சுமையைக் கட்டுவது

படகு கவிழும் என்றே எண்ணிக் கட்ட வேண்டும். கனமானது அடியில், நடுவில். ஒவ்வொரு மூட்டைக்கும் தனி ஸ்ட்ராப். எல்லாவற்றுக்கும் மேல் ஒரே கயிறு ஓட்டினால் ஒன்று அவிழும்போது எல்லாம் போகும். ஸ்ட்ராப்பின் வால்களைச் செருகிவிடவும். தொங்கும் எந்தக் கயிறும் கழுத்தையோ காலையோ தேடி வரும். கட்டி முடித்ததும் தரையில் படகை ஒருக்களித்து நிறுத்திக் குலுக்கிப் பார்த்தால் எது ஆடுகிறது என்று தெரிந்துவிடும்.

ஓட்டத்தில்

தண்ணீரின் வேகம் இரண்டு மடங்கானால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். ஆகவே முடிவை முன்கூட்டியே எடுத்து, மெதுவாக நகர்வதே வழி. ஆபத்தின் பக்கம் முகத்தை வைத்து, படகை ஓட்டத்துக்குச் சுமார் 45 டிகிரி சாய்த்து, பின்னோக்கி வலித்தால் வேகமும் குறையும், பக்கவாட்டிலும் நகரலாம். கீழ்நோக்கி முனை காட்டும் ‘வி’ வடிவ நாக்கு பெரும்பாலும் வழி. மேல்நோக்கி முனை காட்டினால் அங்கே பாறை. நீர் மேல்நோக்கித் திரும்பி உருளும் குழியின் இரு ஓரங்களும் கீழ்நோக்கி வளைந்திருந்தால் அது பக்கவாட்டில் வெளியே தள்ளிவிடும். மேல்நோக்கி வளைந்திருந்தால் பிடித்து வைத்துக்கொள்ளும். முன்னே ஆறு ஒரு கோட்டோடு முடிந்துபோனதுபோல் தெரிந்தால், பாறைக்குப் பின்னே நீர் மேல்நோக்கித் திரும்பும் எதிரோட்டத்தில் ஒதுங்கி, இறங்கி நடந்து பார்க்கவும். பார்த்துவிட்டு ஒரு வினாடி தயங்கினாலும் சுமந்து கடப்பது. தனியாகப் போவதில் இதற்கு விதிவிலக்கு வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது.

விழுந்தால் மல்லாந்து, கால் விரல்கள் நீருக்கு மேலே, கீழ்நோக்கி. முழங்காலுக்கு மேல் ஓடும் நீரில் எழுந்து நிற்க முயலக் கூடாது. பாறை இடுக்கில் பாதம் சிக்கினால் ஓட்டம் உடம்பை முன்னே மடக்கி அமுக்கிவிடும். குறுக்கே விழுந்த மரம் எதிரே வந்து விலக முடியாவிட்டால் மட்டும் குப்புறத் திரும்பி, தலை முன்னே வைத்து நீந்தி அதன்மேல் தாவி ஏற வேண்டும். கிளைகளுக்கு நடுவே நீர் புகும், ஆள் புக முடியாது.

பாறையில் ஒட்டிக்கொண்டால்

படகு பாறையில் பக்கவாட்டில் மோதும் கணத்தில் பாறைப் பக்கத்துக் குழாய்மேல் பாய வேண்டும். உள்ளுணர்வு எதிர்ப்பக்கம் இழுக்கும். அங்கே போனால் மேலோட்டத்துக் குழாய் (நீர் வரும் பக்கத்தது) தாழ்ந்து, நீர் உள்ளே புகுந்து, படகு பாறையைச் சுற்றி மடங்கிவிடும்.

மடங்கிவிட்டால் முதலில் எடையை ஒரு முனைக்கு மாற்றிப் பார்க்கவும். நகராவிட்டால் பாறையோடு ஒட்டியிருக்கும் அறையில் கொஞ்சம் காற்றை இறக்கிப் பார்க்கவும். அதற்கும் அசையாவிட்டால்தான் கயிறு. இங்கேதான் தனி ஆளின் தனிச் சிக்கல்: கயிற்றை விட்டுவிட்டுக் கரைக்கு நீந்திவிட்டால் படகு நடு ஆற்றிலும் நாம் கரையிலும் நிற்க வேண்டியதுதான். கயிற்றின் ஒரு முனையைப் படகின் வலுவான டி-ரிங்கில், முடிந்தால் இரண்டில், கட்டிவிட்டு, மீதிக் கயிறு உள்ள பையைக் கையில் பிடித்துக் கயிறு தானாக வெளியே ஓடும்படி நீந்த வேண்டும். உடம்பில் கட்டிக்கொள்ளக் கூடாது.

கரையில் தொடை பருமனுள்ள உயிருள்ள மரத்தில் நாடாவைச் சுற்றி, இரண்டு கப்பி, இரண்டு புரூசிக் முடிச்சு (இழுபடும்போது கயிற்றை இறுகப் பிடிக்கும் வளைய முடிச்சு), மூன்று காரபைனர் வைத்து ‘இசட்’ வடிவில் கயிறைக் கோத்தால் இழுவிசை மூன்று மடங்கு. கப்பிக்குப் பதில் காரபைனரை மட்டும் வைத்தால் உராய்வு தின்றது போக இரண்டு மடங்குகூடத் தேறாது. கயிறு நீளத்தையும் முன்பே கணக்கிடவும். படகு 12 மீட்டர் தள்ளி இருந்தால் 20 மீட்டர் கயிற்றில் மிஞ்சும் 8 மீட்டரை வைத்து இசட் கோத்து இழுக்க இடம் போதாது, நாலு தடவை கழற்றிக் கட்ட நேரும். 30 மீட்டராவது, அதிகம் நீளாத கயிறாக எடுத்துப் போகவும். நீரில் விழுந்தவருக்கு வீசும் பையிலுள்ள மிதக்கும் கயிறு இழுபட்டு நீளும், அறுந்தால் சாட்டையாக அடிக்கும். இழுக்கும்போது கயிற்றின் நடுவில் ஈரச் சட்டை ஒன்றைத் தொங்கவிட்டு, கயிற்றின் நேர்கோட்டிலிருந்து விலகி நிற்கவும். நேராக மேலோட்டம் நோக்கி இழுப்பதைவிட ஒரு முனையைச் சுழற்றுவதுபோல் கோணத்தில் இழுத்தால் சீக்கிரம் விடுபடும்.

இரவும் அதற்குப் பிறகும்

கூடாரம் பழைய வெள்ளம் விட்டுப்போன சருகுக் கோட்டுக்கு மேலே. படகை இரண்டு இடத்தில் கட்டி, நீர் விளிம்பில் ஒரு குச்சியை நட்டுவைத்தால் ஏறுவது தெரியும். கலங்கல் நீரைப் படிகாரம் போட்டு இரவெல்லாம் தெளிய வைத்து, பிறகு கொதிக்க வைக்கவும். கொதி வந்தபின் ஒரு நிமிடம், 2000 மீட்டருக்கு மேலே மூன்று நிமிடம்.

கிழிசலுக்கு ஒட்டு எல்லாப் பக்கமும் 5 செ.மீ. தாண்ட வேண்டும். பி.வி.சி. (பிளாஸ்டிக்) படகின் பசை ஹைப்பலான் (செயற்கை ரப்பர்) படகில் பிடிக்காது, வாங்கும்போதே பார்க்கவும். ஈரத்தில் எந்தப் பசையும் நிற்காது என்பதால் கரையில் முழுக்கக் காயவைத்த பிறகே ஒட்டு.

கரையேறியதும் முதல் வேலை, காத்திருப்பவருக்குத் தகவல். அப்புறம் குறிப்பேட்டில்: கிளம்பிய நேரத்து நீரளவு, முடித்த நேரத்து நீரளவு, ஒவ்வொரு பாய்ச்சலிலும் எங்கே ஒதுங்க இடம் கிடைத்தது, எந்த ஸ்ட்ராப் தளர்ந்தது, மூட்டையில் தொடவே தொடாத பொருள் எது. முதலுதவி, ஒட்டு, கயிறு தவிர, தொடாதவை அடுத்த முறை வீட்டிலேயே இருக்கட்டும். படகை மடிப்பதற்கு முன் தளத்துக்கும் குழாய்க்கும் இடையே சேர்ந்த மணலைக் கழுவி, வால்வு மூடிகளைத் திறந்து துடைத்துக் காயவிடவும். அங்கே ஒரு துகள் மணல் இருந்தாலும் காற்று மெல்லக் கசியும்.