பக்கத்து வீட்டு வைஃபை எல்லாம் தெரியுது, நம்ம வீட்டுது மட்டும் தெரியல

மாடி போர்ஷன்ல இருக்கற சித்தி பொண்ணு இந்த வருஷம் காலேஜ் சேந்தா. லேப்டாப் வேணும்னு சித்தப்பாவ அரிச்சிட்டு இருந்தா, நான்தான் பெருந்தன்மையா "புதுசெல்லாம் எதுக்கு சித்தப்பா, நம்ம பழசு ஒண்ணு பரண்ல கிடக்கு, அதுல லினக்ஸ் போட்டுத் தரேன், நாலு வருஷம் ஓடும்"னு வாய விட்டேன். 2015ல வாங்குன லேப்டாப், ஐ3, 4 ஜிபி ரேம். பழைய ஹார்ட் டிஸ்க்க கழட்டிட்டு ஒரு 240 ஜிபி எஸ்எஸ்டி மாட்டி, பென்டிரைவ்ல லினக்ஸ் மின்ட் 21.3 (விண்டோஸுக்குப் பதிலா போடற இலவச ஓஎஸ்) ஏத்தி, சனிக்கிழமை காலைல உக்காந்தேன். இன்ஸ்டால் ஆக இருபது நிமிஷம். வைஃபை வர ரெண்டு நாள்.

முதல் தடவ ஆன் பண்ணப்ப கீழ வலது மூலைல வைஃபை ஐகானே இல்ல. லிஸ்ட்ல நெட்வொர்க் வரலன்னா கூட ஏதோ சிக்னல் பிரச்னைன்னு நினைக்கலாம், இது லிஸ்ட்டே இல்ல, வைஃபைங்கற வார்த்தையே எங்கயும் இல்ல. எல்லாரும் பண்றததான் நானும் பண்ணேன், எஃப்என் கீய புடிச்சிட்டு அந்த ஆன்டெனா படம் போட்ட கீய பத்து தடவ அமுக்குனேன், ரீஸ்டார்ட் பண்ணேன், பேட்டரிய கழட்டி மாட்டுனேன். சுத்தமா ஒண்ணும் இல்ல.

அப்புறம் டெர்மினல்ல (கமாண்ட் டைப் பண்ற ஜன்னல்) ஆர்எஃப்கில் லிஸ்ட் அடிச்சுப் பாத்தேன். வைஃபைய சாஃப்ட்வேர்ல யாராவது பிளாக் பண்ணி வச்சிருக்காங்களா, இல்ல பட்டன்ல ஆஃப் ஆகி இருக்கான்னு சொல்ற கமாண்ட் அது. அதுல ஒரே ஒரு லைன் வந்துச்சு, ஹெச்சிஐ0, புளூடூத், ரெண்டு பிளாக்குமே 'நோ'. வயர்லெஸ் லேன்னு ஒரு லைன் வந்திருக்கணும், அது வரல. இத அப்பவே சரியா புரிஞ்சிருந்தா பாதி நேரம் மிச்சம் ஆகி இருக்கும். பிளாக் 'எஸ்'னு இருந்தாதான் அந்த எஃப்என் கீ, ஏர்பிளேன் மோடு வேலையெல்லாம். லைனே இல்லன்னா வைஃபை கார்டுக்கு டிரைவர் (கார்ட ஓட்டற சாஃப்ட்வேர்) ஏறல, இல்ல கார்டே இல்லன்னு அர்த்தம், கீய எவ்ளோ அமுக்குனாலும் விரல்தான் வலிக்கும்.

சரி கார்டு உள்ள இருக்கா, பரண்ல எலி கிலி தின்னுடுச்சான்னு பாக்க எல்எஸ்பிசிஐ கமாண்ட்ட என்என்கே ஆப்ஷனோட போட்டேன். நெட்வொர்க் கன்ட்ரோலர்னு வந்துச்சு, பிராட்காம் பிசிஎம்43142, பக்கத்துல பிராக்கெட்ல 14இ4:4365னு நம்பர். கீழ 'கர்னல் டிரைவர் இன் யூஸ்: பிசிஎம்ஏ-பிசிஐ-பிரிட்ஜ்'. இங்கதான் நான் முதல் தடவ ஏமாந்தேன். டிரைவர் இன் யூஸ்னு போட்டிருக்கே, அப்ப டிரைவர் இருக்கு, வேற எங்கயோதான் கோளாறுன்னு நினைச்சு நெட்வொர்க் மேனேஜர ரீஸ்டார்ட் பண்றதும் அதோட கான்ஃபிக் ஃபைல நோண்டறதுமா ஒரு மணி நேரம் போச்சு. அந்த பிசிஎம்ஏங்கறது வைஃபை டிரைவரே கிடையாது. பஸ்ல கண்டக்டர் மாதிரி, யார் ஏறி இருக்காங்கன்னு சொல்லும், வண்டி ஓட்டாது. டிமெசேஜ் லாக்ல (மெஷின் தனக்குள்ள நடக்கறத எழுதி வைக்கற டைரி) கூட "சிப் கண்டுபுடிச்சேன், ஐடி 43142"னு எழுதி வச்சிட்டு அதோட நிறுத்திடுச்சு. இந்த சிப்ப ஓட்டறதுக்கு டபிள்யூஎல்னு தனி டிரைவர், அது சோர்ஸ் முழுசா திறந்து விடாத டிரைவர்ங்கறதால கர்னலோட (லினக்ஸோட மையப் பகுதி) சேந்து வராது, நாமதான் போட்டுக்கணும்.

இதுல இன்னொரு கூத்து, டிரைவர் டவுன்லோட் பண்ண நெட் வேணும், நெட் வர டிரைவர் வேணும். லேன் கேபிள் இருந்தா ரவுட்டர்ல சொருகலாம், என் வீட்ல இருந்த ஒரே கேபிள் டிவிக்குப் போயிருக்கு, சீரியல் நேரத்துல அத உருவுனா வீட்ல சோறு கிடைக்காது. ஃபோன யுஎஸ்பி கேபிள்ல கனெக்ட் பண்ணி டெதரிங் ஆன் பண்ணா போதும், லினக்ஸ் அத லேன் கேபிள் மாதிரியே எடுத்துக்கும், அதுக்குன்னு தனியா ஒண்ணும் போட வேணாம். இதுல நிறைய பேருக்குத் தெரியாத விஷயம், ஆண்ட்ராய்டு ஃபோன் வீட்டு வைஃபைல இருக்கும்போதே யுஎஸ்பி டெதரிங் போட்டா அந்த வைஃபை நெட்டையே லேப்டாப்புக்குத் தரும், மொபைல் டேட்டா காலியாகாது. அதாவது ஃபோனே ஒரு வைஃபை டாங்கிள் (யுஎஸ்பில சொருகற குட்டி வைஃபை கார்டு) ஆயிடும். (ஃபோன் வீட்டு வைஃபைல ஜம்முனு இருந்துச்சுங்கறத மட்டும் ஞாபகம் வச்சுக்கங்க, பின்னாடி வேணும்.)

மின்ட்ல டிரைவர் மேனேஜர்னு ஒண்ணு இருக்கு, தொறந்தா அதுவே கார்ட கண்டுபுடிச்சு பிசிஎம்டபிள்யூஎல்-கர்னல்-சோர்ஸ்ங்கற பேக்கேஜ சிபாரிசு பண்ணுச்சு. டிக் பண்ணேன். உங்க மெஷின்ல செக்யூர் பூட் ஆன்ல இருக்கு, ஒரு பாஸ்வேர்ட் வை, குறைஞ்சது 8 எழுத்துன்னு கேட்டுச்சு. எதுக்குன்னு முழுசா படிக்காம 12345678னு வச்சேன். டிகேஎம்எஸ் (கர்னலுக்கு ஏத்த மாதிரி டிரைவர கட்டித் தர்ற புரோகிராம்) உக்காந்து டிரைவர கம்பைல் பண்ணுச்சு, இந்தப் பழைய ஐ3ல ஃபேன் ஹெலிகாப்டர் மாதிரி சுத்துச்சு, முடிஞ்சுது. ரீஸ்டார்ட் பண்ணு. பண்ணேன். அந்த நேரம் பாத்து அடுப்புல பால் பொங்குற சத்தம், ஓடிப்போய் ஆஃப் பண்ணிட்டு திரும்பி வந்தா லாகின் ஸ்கிரீன் நிக்குது. உள்ள போனா வைஃபை இல்ல.

அந்த பால் பொங்குன பத்து செகண்ட்லதான் எல்லாம் நடந்திருக்கு. அது எனக்கு மறுநாள்தான் தெரிஞ்சுது.

சனிக்கிழமை மீதி நேரம் பூரா தப்பான பக்கம் போனேன். டிரைவர் தப்பு போலன்னு அத தூக்கிட்டு, எப்பவோ பழைய லேப்டாப்ல பி43ன்னு ஒரு டிரைவர் போட்டது ஞாபகம் வந்து அத போட்டேன், அதோட ஃபர்ம்வேரையும் (சிப்புக்குள்ள ஏத்தற புரோகிராம்) போட்டேன். அது பிசிஎம்4312 மாதிரி பழைய சிப்புகளுக்கு, இந்த 43142க்கு ஒத்தே வராது. நம்பர் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கவும் நானா ஒண்ணுன்னு நினைச்சுக்கிட்டேன். பிராக்கெட்ல அந்த 14இ4:4365னு இருந்துச்சு பாருங்க, அததான் பாக்கணும், பேர வச்சு முடிவு பண்ணக்கூடாது. ராத்திரி பதினோரு மணிக்கு லேப்டாப்ப மூடிட்டு படுத்தேன். மாடிலேந்து "அண்ணா ரெடியா"ன்னு மெசேஜ் வந்துச்சு, பாக்காத மாதிரி தூங்கிட்டேன்.

ஞாயித்துக்கிழமை காலைல பி43 சமாச்சாரம் எல்லாத்தையும் தூக்கிட்டு மறுபடி அந்த பிசிஎம்டபிள்யூஎல் பேக்கேஜையே போட்டேன், இந்தத் தடவ ரீஸ்டார்ட் பண்ணாம டெர்மினல்லயே மோட்புரோப் டபிள்யூஎல் அடிச்சு டிரைவர கையால ஏத்திப் பாத்தேன். அப்பதான் மெஷின் வாயத் தொறந்து உண்மைய சொல்லுச்சு: 'கீ வாஸ் ரிஜெக்டட் பை சர்வீஸ்'. டிரைவர் இருக்கு, கம்பைலும் ஆயிருக்கு, ஆனா செக்யூர் பூட் வாசல்ல நின்னுக்கிட்டு "யார் கையெழுத்து போட்டது, எனக்கு அவர தெரியாதே"ன்னு உள்ள விடல. நேத்து பாஸ்வேர்ட் கேட்டது இதுக்குத்தான். நம்ம மெஷின்லயே ஒரு சாவி உருவாக்கி அதால டிரைவருக்கு கையெழுத்து போடறாங்க, அந்த சாவி நம்மளுதுதான்னு ரீஸ்டார்ட் ஆகும்போது ஒரு நீல ஸ்கிரீன்ல நாம நேர்ல உக்காந்து ஒத்துக்கணும். பத்து செகண்ட் டைம். ஒரு கீயும் அமுக்கலன்னா அது பாட்டுக்கு பூட் ஆயிடும், அடுத்த தடவ அதுவா கேக்காது. பால்!

செக்யூர் பூட்ட பயாஸ்ல (ஓஎஸ் வர்றதுக்கு முன்னாடி வர்ற மெஷின் செட்டிங்) ஆஃப் பண்ணிடுன்னுதான் யாரா இருந்தாலும் முதல்ல சொல்வாங்க. இந்த மாதிரி ஒத்த ஓஎஸ் இருக்கற பழைய மெஷின்ல அது பெரிய தப்புன்னு நான் சொல்ல மாட்டேன், ஆனா பக்கத்துல விண்டோஸ் இருந்து அதுல பிட்லாக்கர் (டிஸ்க்க பூட்டி வைக்கற வசதி) ஆன்ல இருந்தா அடுத்த தடவ ரிக்கவரி கீ கேட்டு மானத்த வாங்கும். எனக்கு அந்த யோசனைக்கே வழி இல்ல. 2015ல ஏதோ வேகத்துல பயாஸ்க்கு பாஸ்வேர்ட் வச்சிருக்கேன், என்ன வச்சேன்னு சாமி சத்தியமா ஞாபகம் இல்ல. அதனால சாவிய ஒத்துக்கற வழிதான். மோக்யூட்டில் கமாண்ட்ல இம்போர்ட் போட்டு அந்த சாவி ஃபைல காட்டுனேன் (வார், லிப், ஷிம்-சைன்டு, மோக்னு ஃபோல்டருக்குள்ள ஃபோல்டரா போய் எம்ஓகே டாட் டிஇஆர்னு கிடக்கும்), மறுபடி பாஸ்வேர்ட் வச்சேன், ரீஸ்டார்ட் பண்ணிட்டு ஸ்கிரீன விட்டு கண்ணெடுக்காம உக்காந்தேன். அடுப்புல ஒண்ணும் இல்லன்னு முன்னாடியே பாத்துட்டேன். நீல ஸ்கிரீன் வந்துச்சு. என்ரோல் எம்ஓகே, கன்டினியூ, எஸ், பாஸ்வேர்ட். டைப் பண்ணும்போது புள்ளி கூட வராது, பயப்படாம அடிக்கணும். ரீபூட்.

ஐகான் வந்துடுச்சு! கிளிக் பண்ணா ஒம்போது நெட்வொர்க் வரிசையா நிக்குது. எதிர்வீட்டு டாக்டரோடது, மெடிக்கல் ஷாப்போடது, 'டோன்ட் ஆஸ்க் பாஸ்வேர்ட்'னு எவனோ பேர் வச்சது வரைக்கும் எல்லாம் இருக்கு. நம்ம வீட்டுது இல்ல.

நான் சத்தம் போட்டதுல தங்கச்சி கீழ வந்துட்டா, பின்னாடியே சித்தப்பா. ரவுட்டர ஆஃப் பண்ணி ஆன் பண்ணேன், லேப்டாப்ப தூக்கிட்டுப் போய் ரவுட்டருக்கு ஒட்டி வச்சேன், ஹிட்டன் நெட்வொர்க்னு போய் பேர கையால அடிச்சுப் பாத்தேன். ஒண்ணும் கதைக்கு ஆவல. "லினக்ஸ்னாலே அப்டித்தான்டா, எங்க ஆபீஸ்ல கூட"ன்னு சித்தப்பா ஆரம்பிச்சாரு. இதுக்கு மேல டிரைவர நோண்டக்கூடாதுன்னு மட்டும் அப்ப எனக்கு புத்தி இருந்துச்சு, ஏன்னா ஒம்போது நெட்வொர்க் காட்டற டிரைவர் பத்தாவத மட்டும் வேணும்னு ஒளிச்சு வைக்காது.

என்எம்சிஎல்ஐ கமாண்ட்ல வைஃபை லிஸ்ட்ட எடுத்தேன், அதுல சேனல் நம்பரும் வரும். 1, 6, 11, 6, 1, 3, 11... எல்லாமே சின்ன நம்பர். ஃபோன்ல வீட்டு வைஃபைய அமுக்கி டீடெயில்ஸ் பாத்தேன். ஃப்ரீக்வென்சி: 5 கிகாஹெர்ட்ஸ். அடப்பாவின்னு ஐடபிள்யூ லிஸ்ட் போட்டு கார்டு என்னென்ன ஃப்ரீக்வென்சி கேக்கும்னு பாத்தா 2412ல ஆரம்பிச்சு 24ல ஆரம்பிக்கற நம்பர தாண்டவே இல்ல, 5ல ஆரம்பிக்கற நம்பர் ஒண்ணு கூட கிடையாது. இந்த 43142 வெறும் 2.4 கிகாஹெர்ட்ஸ் கார்டு. அதுக்கு 5ங்கறது ஏஎம் ரேடியோவுல எஃப்எம் தேடற மாதிரி.

சரி ரவுட்டர்ல ரெண்டும் இருக்கணுமே, 2.4 எங்க போச்சு? போன வருஷம் தெரு பூரா வைஃபை ஆகி 2.4ல வீடியோ சுத்திக்கிட்டே இருக்குன்னு 192.168.1.1க்குள்ள போய் அத ஆஃப் பண்ண மகான் நான்தான். வீட்ல எல்லா ஃபோனும் 5 எடுக்கும், டிவி கேபிள்ல, அதனால இத்தன நாள் யாருக்கும் தெரியல. சித்தப்பாகிட்ட இத சொல்லல, "ரவுட்டர்ல ஒரு செட்டிங்"னு மட்டும் சொல்லிட்டு டிக் போட்டேன், அதுக்குத் தனிப் பேரும் வச்சேன். அரை நிமிஷத்துல லிஸ்ட்ல வந்து நின்னுச்சு. லிங்க் ஸ்பீட் 72 எம்பிபிஎஸ் காட்டுது, 20 மெகாஹெர்ட்ஸ்ல ஒத்த ஆன்டெனா இருக்கற 802.11என் வைஃபை ஸ்டாண்டர்டுக்கு அதுதான் உச்சம். நோட்ஸ் எறக்க போதும்.

இதே மாதிரி "ஒண்ணு மட்டும் தெரியல" கேஸ் கூட வேல பாக்கறவன் ஒருத்தனுக்கும் வந்துச்சு, ஆனா அங்க காரணம் வேற. அவன் வீட்டு ரவுட்டர் 2.4ல 13வது சேனல்ல உக்காந்திருந்துச்சு. இங்க 13 வரைக்கும் அனுமதி உண்டு, அமெரிக்காவுல 11க்கு மேல வழக்கமா தொடறதில்ல, அவன் யுஎஸ்பி டாங்கிள் யுஎஸ்னு செட் ஆகி வந்திருக்கு, ஐடபிள்யூ ரெக் கெட் (எந்த நாட்டு விதில ஓடுதுன்னு சொல்ற கமாண்ட்) போட்டா அப்டியே காட்டுது. ரெக் செட்ல ஐஎன்னு (இந்தியா) மாத்துனதும் தெரிஞ்சுது. ரவுட்டர 6க்கு மாத்தி இருந்தாலும் முடிஞ்சிருக்கும்.

ஒரு மாசம் கழிச்சு கர்னல் அப்டேட் வந்தப்ப திரும்ப போயிடுமோன்னு வயித்துல புளி கரைச்சுது. ஹெடர்ஸ் பேக்கேஜ் (டிரைவர கம்பைல் பண்ணத் தேவையான ஃபைல்கள்) கூடவே வந்ததால டிகேஎம்எஸ் தானா மறுபடி கம்பைல் பண்ணிக்கிச்சு, சாவியும் அதே சாவிதான், நீல ஸ்கிரீன் வரல.

அந்த ஞாயித்துக்கிழமை லேப்டாப்ப தூக்கிட்டு தங்கச்சி மாடி ஏறுனா, நானும் அப்பாடான்னு டீய எடுத்து வாய்ல வச்சேன். மாடிலேந்து சத்தம்: "அண்ணா, புளூடூத் ஹெட்செட் கனெக்ட் ஆவல." ஆர்எஃப்கில் லிஸ்ட்ல அது ஒண்ணுதான் ஒழுங்கா நின்னுச்சு. மேல போய் டிமெசேஜ்ல பாத்தா, ஹெச்சிஐ0, ஃபர்ம்வேர் பேட்ச் ஃபைல் நாட் ஃபவுண்ட்.