ஜேஈஈ ரேங்க் வந்தாச்சு, இனி லிஸ்ட்தான்

ஜேஈஈ கவுன்சிலிங்கின் கடைசி ரவுண்ட் முடிந்து திருச்சி என்ஐடியில் மெட்டலர்ஜி உறுதியாகிவிட்டது. படிப்பது எப்படி என்று எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் சாய்ஸ் ஃபில்லிங், அதாவது வேண்டிய கல்லூரி, பிராஞ்ச்களை வரிசைப்படுத்தி லிஸ்ட் போடுவது பற்றி மட்டும் சொல்கிறேன். என் ரேங்க்குக்கு இந்த சீட் வந்ததே அதனால்தான்.

"உன் ரேங்க்குக்குக் கிடைக்கிறதை மேலே போடு, ஆசையைக் கீழே போடு" என்றார் ஒரு கோச்சிங் சென்டர் ஆலோசகர். சுத்தத் தப்பு. சீட் ஒதுக்கும் அமைப்பான ஜோசா லிஸ்ட்டை மேலிருந்துதான் பார்க்கும். எட்டாத இடத்தை முதலில் போட்டாலும் கீழே உள்ளவற்றில் உங்கள் வாய்ப்பு ஒரு துளிகூடக் குறையாது. ஆகவே விரும்பும் வரிசையிலேயே போடுங்கள், நீளமாகவும் போடுங்கள்.

ஆனால் ஒவ்வொரு வரிக்கும் கேட்டுக்கொள்ளுங்கள்: இதற்குக் கீழே இருப்பது கையில் இருக்கும்போது இது வந்தால் சந்தோஷப்படுவேனா? ஃப்ளோட் (கிடைத்த சீட்டை வைத்துக்கொண்டே லிஸ்ட்டில் மேலே உள்ளதற்குக் காத்திருப்பது) கொடுத்தபின் மேலே உள்ளது கிடைத்துவிட்டால் பழைய சீட் தானாகப் போய்விடும். திரும்பக் கேட்க முடியாது. எனக்கு ஊர், கல்லூரிதான் முக்கியம், பிராஞ்ச் அப்புறம். கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும் என்பவர்கள் என் வரிசையைப் பின்பற்றாதீர்கள்.

அப்புறம் ஹோம் ஸ்டேட் கோட்டா. என்ஐடி சீட்டில் பாதி அந்த மாநிலத்துக்காரர்களுக்கு. சொந்த ஊர் எது என்பது கணக்கே இல்லை, பிளஸ் டூ எங்கே முடித்தீர்கள் என்பதுதான். கோச்சிங்குக்காக ஆந்திராவில் பிளஸ் டூ முடித்தால் திருச்சி உங்களுக்கு வெளி மாநிலம், தெலங்கானாவில் உள்ள வாரங்கல்லும் அப்படித்தான். திருச்சியில் இரண்டு கோட்டாவின் குளோசிங் ரேங்க்குக்கும் (கடைசியாக சீட் கிடைத்தவரின் ரேங்க்) நடுவே பெரிய இடைவெளி. பத்தாம் வகுப்பு முடித்த தம்பி தங்கைகள் வீட்டில் இதை இப்போதே பேசுங்கள். காரைக்கால் என்ஐடி பக்கத்தில் இருந்தாலும் அது புதுச்சேரிக் கணக்கு. நமக்கு வெளி மாநிலக் கோட்டாதான்.

மற்றவை சுருக்கமாக:

- பழைய குளோசிங் ரேங்க்கைக் கடைசி ரவுண்டில் பாருங்கள். முதல் ரவுண்ட் பயமுறுத்தும்.
- கல்லூரி பிடித்து, பிராஞ்ச் மட்டும் மாறவேண்டும் என்றால் ஃப்ளோட்டுக்குப் பதில் ஸ்லைடு கொடுங்கள்.
- நம் ஊர் பிசி, எம்பிசி சான்றிதழ் போதாது. மத்திய அரசு படிவத்தில் ஓபிசி என்சிஎல் (கிரீமி லேயரில் வராத ஓபிசி) சான்றிதழ், அந்த வருட ஏப்ரல் 1-க்குப் பிறகு வாங்கியது வேண்டும். தாலுகா ஆபீஸுக்கு முன்னாடியே போய்விடுங்கள்.
- என்ஐடியில் சேர பிளஸ் டூவில் 75 சதவீதம் வேண்டும், எஸ்சி எஸ்டிக்கு 65. இல்லையென்றால் உங்கள் போர்டில் முதல் 20 பர்சென்டைலுக்குள் வரவேண்டும். போர்டு தேர்வை அலட்சியம் செய்யாதீர்கள்.