ஹீன் போவிட்டியாவும் எங்கள் வீட்டுக் கூரையும்

நாவலப்பிட்டிக்கு மேலே, தேயிலை மலைகளுக்கு நடுவே உள்ள எங்கள் ஊரில், ரோஜா வளர்ப்பவரை ரசனையுள்ளவர் என்பார்கள். ஹீன் போவிட்டியா வளர்ப்பவரை வேலையற்றவர் என்பார்கள். இலங்கையைத் தவிர வேறெங்கும் தானாக வளராத செடி என்றாலும், பாதையோர மண்மேடுகளில் கேட்பாரற்றுப் பூத்துக் கிடப்பதால் அதற்கு மரியாதை இல்லை.

வளர்ப்பது எளிது. தேயிலை விரும்பும் புளிப்பு மண்ணே இதற்கும் ஏற்றது. தூசியாய் இருக்கும் விதைகளைப் புதைக்காமல் ஈரமண்ணின் மேல் தூவிவிட வேண்டும். முளைத்ததைப் பெரியப்பாவிடமிருந்து காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. ஓய்வுபெற்ற கங்காணியான அவர், எங்களை நலம் விசாரித்துக்கொண்டே குனிந்து களை பிடுங்கத் தொடங்கினால், தேநீர் வருவதற்குள் நாற்றுகளில் பாதி வேலியோரம் வேர் காட்டிக் கிடக்கும். எஞ்சியதைச் சுற்றிச் செங்கல் அடுக்கியபோது, "களைக்குக் கோட்டையா?" என்று கேட்டார்.

செடி வளர்ந்த பிறகு வேறொரு தொல்லை வந்தது. இதன் இலை ஈரலுக்கு நல்லது, சிங்கள வைத்தியத்தில் செங்கண்மாரிக்குக் கொடுப்பார்கள் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்ன நாளிலிருந்து, எவருடைய ஈரலிலும் எந்தக் குறையும் இல்லாத எங்கள் தெருவே இலைக்கஞ்சி குடிக்கலாயிற்று.

அத்தனையையும் மீறி, நான்கு ஊதா இதழ்களும் எட்டு மகரந்தக் கேசரங்களுமாகப் பூ விரிந்தது. கேசரத்தின் நுனியில் சிறு துளை மட்டுமே இருப்பதால், மகரந்தம் வெளிவர யாராவது அதை அதிர வைக்க வேண்டும். தேன்கூடு கட்டும் சாதாரணத் தேனீக்கு அந்த வித்தை தெரியாது. பூவைக் கட்டிப்பிடித்து ரீங்கரித்து அதை உதிர்க்கத் தெரிந்த கரிய தச்சுத் தேனீ எங்கள் வாசலுக்கு வந்தபோது நான் அடைந்த மகிழ்ச்சி, அதே தேனீ எங்கள் கூரை மரத்தைத் துளைத்துக் குடியேறியதைக் கண்ட அம்மாவுக்கு ஏற்படவில்லை. தும்புத்தடியுடன் அவர் கிளம்ப, நான் தடுக்க, இறுதியில் ஓர் உடன்பாடாகக் காய்ந்த விறகுக்கட்டை ஒன்றைச் செடிக்கு அருகே கட்டித் தொங்கவிட்டோம்.

தேனீ அதைத் திரும்பியும் பார்க்கவில்லை. ஒவ்வொரு காலையும் கூரையிலிருந்து உதிர்ந்து கிடக்கும் மரத்தூளைக் கூட்டி அள்ளும் அம்மா, "உன் விருந்தாளி போட்ட குப்பையை உன் செடியே தின்னட்டும்" என்று போவிட்டியாவின் அடியில் கொட்டிவிட்டுப் போகிறார்.