கருவிழி மாற்றுக்குப் பின் கண்ணீரும் இமைத்தலும்

கெரட்டோகோனஸ் நோயால் கூம்பிப்போயிருந்த என் வலது கருவிழிக்கு டால்க் முறையில் மாற்று அறுவை நடந்தது. உள் அடுக்குகளான டெசிமெட் சவ்வையும் எண்டோதீலியத்தையும் நம்முடையதாகவே விட்டுவிட்டு, முன்பகுதியை மட்டும் அகற்றிக் கொடையாளரின் திசுவைத் தைக்கும் முறை இது. முழுத் தடிமனையும் மாற்றும் பழைய முறையைவிட இதில் ஒட்டை, அதாவது பொருத்திய திசுவை, உடல் நிராகரிக்கும் ஆபத்து குறைவு. ஒட்டு தெளிவாகவே நின்றது, பார்வைதான் நிலைக்கவில்லை. காலையில் நன்றாகத் தெரிந்த எழுத்து, கணினி முன் சற்று நேரம் உட்கார்ந்ததும் கலங்கும்; இமைத்தால் ஒரு கணம் தெளிந்து மறுபடியும் கலங்கும். எரிச்சலோ உறுத்தலோ துளியும் இல்லை.

மறுபரிசோதனையில் மருத்துவர் பஞ்சைத் திரித்து, அதன் நுனியால் முதலில் இடது கருவிழியைத் தொட்டார். தலை தானாகப் பின்வாங்கியது. வலது கருவிழியின் நடுவில் தொட்டதை அவர் சொன்ன பிறகுதான் அறிந்தேன். அடுத்து ஃப்ளூரசீன் தாளால் சாயமிட்டு, இமைக்காமல் இருக்கச் சொல்லி, நீல ஒளியில் பார்த்தபடி நொடிகளை எண்ணினார். கண்ணீர்ப் படலம் குறைந்தது 10 நொடியாவது உடையாமல் நிற்க வேண்டுமாம். அவர் ஐந்து என்று சொல்வதற்குள்ளேயே தையல்களின் ஓரத்தில், படலம் உடைந்ததைக் காட்டும் கரும்புள்ளிகள் விழுந்துவிட்டன.

காரணத்தை அவர் விளக்கியபோதுதான் டால்க் முறையைப் பற்றிய என் நினைப்பு மாறியது. கருவிழியின் நரம்புகள் சுற்று விளிம்பிலிருந்து நுழைந்து பெரும்பாலும் முன்பகுதி வழியாகவே நடுவை நோக்கி ஓடுகின்றன. வட்டமாக வெட்டும்போது அவை அத்தனையும் அறுபடுவதால், நரம்பைப் பொறுத்தவரை டால்க்கும் முழுத் தடிமன் மாற்றும் ஏறக்குறைய ஒன்றுதான். கண் காய்கிறது என்ற செய்தி மூளைக்குப் போனால்தான் இமையும் மூடும், கண்ணீர்ச் சுரப்பியும் சுரக்கும். செய்தி போகாதபோது இரண்டுமே குறைகின்றன. மேடுபள்ளமான தையல் பகுதியில் இருக்கிற கண்ணீரும் சீராகப் படர்வதில்லை.

என் பெரியம்மாவின் கதை வேறு. கண்புரை அறுவைக்குப் பின் கருவிழி வீங்கிப்போன அவருக்கு டிமெக் என்ற வேறு வகை கருவிழி மாற்று அறுவை செய்தார்கள். சிறு கீறல் வழியே மெல்லிய உள் அடுக்கை மட்டும் நுழைத்து, காற்றுக் குமிழியால் அழுத்தி ஒட்டவைத்து, மல்லாந்தே படுத்திருக்கச் சொன்னார்கள். நரம்புகள் பெரும்பாலும் தப்பின. சொட்டு மருந்து எரிகிறது, மின்விசிறிக் காற்று உறுத்துகிறது என்று அவர் ஓயாமல் புலம்பினார். எனக்குப் பொறாமையாக இருந்தது. உணர்ச்சியுள்ள கண்தானே புலம்பும்?

உறுத்தலை எதிர்பாராமல் கடிகாரத்தைப் பார்த்துச் சொட்டு விடுவதே எனக்குக் கைகொடுத்தது. ஸ்டீராய்டு சொட்டால் கண்ணழுத்தம் ஏறி, அதற்கும் தனிச் சொட்டு சேர்ந்தபோது, பென்சல்கோனியம் குளோரைடு என்ற பதப்படுத்தும் பொருள் கண்ணின் மேற்புறத்தை மேலும் கெடுக்கும் என்று சொல்லி, அது இல்லாத மருந்துகளுக்கு மாற்றினார்கள். இரவில் களிம்பு போட்டுக்கொண்டேன். இமைப்பதைப் பற்றி ஒரு சோதனை: மனைவி கைப்பேசியில் மெதுவோட்டக் காணொளி எடுத்துக் காட்டியபோது, நான் இமைத்த பல முறைகளில் மேல் இமை கீழ் இமையைத் தொடாமலே திரும்பிப் போவதைக் கண்டேன். ஒட்டின் கீழ்ப்பகுதி மட்டும் ஏன் அதிகம் காய்ந்தது என்பது அப்போது விளங்கியது. மெல்ல மூடி, சற்று நிறுத்தி, லேசாக இறுக்கித் திறக்கும் பயிற்சியைப் பழகிக்கொண்டு, கணினித் திரையையும் கண்மட்டத்துக்குக் கீழே இறக்கி வைத்தேன். திரை தாழ்ந்தால் கண் திறந்திருக்கும் பரப்பும் குறைகிறது.

உணர்ச்சி விளிம்பிலிருந்து நடுவை நோக்கி மெதுவாகத் திரும்புகிறது. முழுமையாகத் திரும்பும் என்று யாரும் உறுதி தரவில்லை. அதுவரை, கண் சிவந்தாலோ, வெளிச்சம் கூசினாலோ, இமைத்த பிறகும் பார்வை மங்கலாகவே நின்றாலோ, வலி இல்லை என்பதற்காகக் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்.